முகவரி சொல்லாதவர்

நான் அவரை முதன்முதலாகப் பார்த்தபோது அவர் ஒரு மனிதனின் தலையை ஃபிரிட்ஜ் கதவில் மோதிக்கொண்டிருந்தார். ரத்தக் குப்பிகளை வைக்கிற ஃபிரிட்ஜ். தலை மோதப்பட்டவன் அந்தப் பரிசோதனைக்கூடத்தில் பில் போடுகிறவன். மூன்று தடவை மோதினார். சத்தமே போடவில்லை. ஒவ்வொரு மோதலுக்கும் நடுவில், மறந்துபோன ஒன்றை நினைவுபடுத்திக் கேட்பதுபோல, “யாருக்கு எழுதிக் குட்த்த?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார். உள்ளே நுழைந்த என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு, “இன்னா வேணும் மேடம்?” என்றார். அதே குரல்தான்.

பில் போடுகிறவன் செய்த குற்றம் இவ்வளவுதான். சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டு கவுன்டருக்கு வந்த ஒருவனுக்கு, ஒரு நோயாளியின் வீட்டு முகவரியை பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறான். வந்தவன் உண்மையிலேயே சொந்தக்காரனாக இருக்கலாம். அதைப் பற்றி அவருக்கு அக்கறையில்லை. பில்காரன் நெற்றியைத் தடவிக்கொண்டே போய் அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் யாரிடமும் புகார் செய்யவில்லை. அங்கே அது வழக்கம்தான் போலிருந்தது.

அது மந்தைவெளியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெரு. கூடத்தின் மற்றக் கிளைகள் மயிலாப்பூரிலும் அடையாறிலும் இருந்தன. தலைமை அலுவலகம் தி. நகர். நான் பத்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் அந்தத் தலைமை அலுவலகத்தில் ஒப்பந்த வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பல இடங்களில் கிடக்கிற தகவல்களை இழுத்துவந்து ஓரிடத்தில் சேர்க்கிற மென்பொருள் ஒன்றை வாங்கியிருந்தார்கள். அதைக் கிளைகளின் டேட்டாபேஸோடு இணைக்க வேண்டியது என் பொறுப்பு. டேட்டாபேஸ் மந்தைவெளியில், மாடிப்படிக்கு அடியில் தடுத்துக் கட்டிய ஓர் அறையில் இருந்தது. அந்த அறைக்கு அவர்தான் பொறுப்பு. பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘சிஸ்டம்காரர்’ என்பார்கள். வயது முப்பத்தைந்து இருக்கும். குட்டையான ஆள், ஆனால் தோள் இரண்டும் படகு தள்ளிய தோள்கள். நகங்களை ஒட்ட வெட்டியிருப்பார்.

என்னிடம் இருந்த படிவத்தில் நிரப்ப ஐந்து இடங்கள்தான். சர்வரின் முகவரி, போர்ட் எண், டேட்டாபேஸின் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு. கீழே ‘இணைப்பைச் சோதி’ என்று ஒரு பொத்தான். இவற்றை எழுதி அனுப்பும்படி அவருக்கு மூன்று மின்னஞ்சல் போட்டும் பதில் வராததால்தான் நேரில் போயிருந்தேன். விஷயத்தைச் சொன்னேன். என் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு முதல் நான்கையும் அவரே நிரப்பினார். ஐந்தாவதுக்கு வந்ததும் விரலை எடுத்துக்கொண்டார்.

“செவுத்தப் பாத்து குந்துங்க.”

என் வயதுக்கும் உத்தியோகத்துக்கும் அப்படி ஒருவர் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஃபிரிட்ஜ் கதவு ஞாபகம் வந்தது. நாற்காலியோடு திரும்பி உட்கார்ந்தேன். தட்டுகிற சத்தம் நின்ற பிறகு திரும்பினேன். இணைப்பு வெற்றி என்று பச்சையில் வந்திருந்தது. ஆவலாகத் திறந்து பார்த்தால் உள்ளே வெறும் எண்கள். எந்தத் தேதியில் எத்தனை சர்க்கரைப் பரிசோதனை, எத்தனை கர்ப்பப் பரிசோதனை, எந்தக் கிளையில் எவ்வளவு நேரம் என்று மட்டும் இருந்தது. பெயர், போன் நம்பர், முகவரி எதுவும் இல்லை. எனக்காகத் தனியாக ஒரு பயனரை உருவாக்கி, அந்தப் பயனரின் கண்ணுக்கு அதற்கு மேல் தெரியாதபடி செய்துவைத்திருந்தார்.

மேனேஜர் முழு அனுமதி கேட்கச் சொல்லியிருக்கிறார் என்று சொன்னேன்.

“உங்களுக்கு எத்தினி பேருக்கு சுகர் கீதுன்னு தெரியணும், அவ்ளோதான? யாருக்கு கீதுன்னு இன்னாத்துக்கு?” என்றார். நான் பதில் சொல்வதற்குள் சோற்றுக் கேரியரைத் திறந்துவிட்டார். அறை முழுக்க மீன் குழம்பு வாசனை. பேச்சு முடிந்தது.

அதன் பிறகு வேலைக்காக வாரத்தில் இரண்டு நாள் நான் அங்கே போகவேண்டியிருந்தது. மேடம் என்றவர் எப்போது யக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார் என்று நினைவில்லை. அவருக்கு என்மேல் மரியாதை இருந்தது. எனக்கு அவர்மேல் இருந்தது என்னவென்று சொல்லத் தெரியவில்லை. பயமும் இருந்தது. பக்கத்தில் இருந்தால் தைரியமாகவும் இருந்தது.

ஒருநாள் மருந்துக் கம்பெனி ஆள் ஒருவன் வந்தான். டை கட்டி, பெரிய பை வைத்திருந்தான். சர்க்கரை நோயாளிகளின் பட்டியல் வேண்டும், போன் நம்பரோடு. ஒரு கைக்கடிகாரப் பெட்டியை எடுத்து அவருடைய மேசை டிராயரைத் தானே இழுத்து உள்ளே வைத்தான். அவர் டிராயரை முழங்காலால் மூடினார். அவன் கை உள்ளே இருந்தது. மூடிய முழங்காலை எடுக்கவும் இல்லை. அவன் கத்திய கத்தலில் ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்த ஒரு வயதானவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் சிஸ்டம்காரரின் தோளைப் பிடித்து இழுத்தேன். கல்லைப் பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. அப்புறம் அவராக விட்டார். அவனுடைய இரண்டு விரல்கள் கறுத்து வீங்கியிருந்தன.

“விரல் போயிருந்தா என்ன பண்ணுவீங்க?” என்று பிறகு கேட்டேன்.

“போயிருந்தா போயிருக்கும்” என்றார்.

தெருவிலும் அப்படித்தான். மதியம் டீ குடிக்க வெளியே போனால் யாராவது கூரியர் ஆள் வண்டியை நிறுத்தி இன்னார் வீடு எது என்பான். அந்தத் தெருவில் எட்டு வருடமாக வேலை செய்கிறவர், எல்லா வீட்டையும் தெரிந்தவர், தெரியாது என்பார். நான் வாயைத் திறந்தால் என் முழங்கையை அழுத்துவார். வலிக்கிற மாதிரியே அழுத்துவார். ஒரு தடவை வலி பொறுக்காமல், “அவன் பார்சல் குடுக்க வந்திருக்கான்பா” என்றேன். “பார்சல்னு சொல்றான்” என்றார்.

காரணத்தை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. அவர் அம்மா சொன்னார். நொச்சிக்குப்பத்தில் நான் மீன் வாங்கும் இடத்துக்கு இரண்டு ஆள் தள்ளி உட்கார்ந்திருப்பவர் அவருடைய அம்மா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தற்செயலாகத் தெரிந்தது. மகனோடு வேலை செய்கிறேன் என்றதும் சங்கரா மீனைத் தராசில் போட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஒன்ன அடிச்சிருக்கானா?”

இல்லை என்றேன். அவர் மீனைச் செதில் சீவிக்கொண்டே சொன்னார். மகனுக்கு இருபது வயது இருக்கும்போது, கரையில் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தாராம். நல்ல சட்டை போட்ட இரண்டு பேர் வந்து, அவருடைய அக்கா புருஷன் பெயரைச் சொல்லி வீடு எது என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார்கள். இவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கூடவே நடந்துபோய் வீட்டு வாசலில் விட்டார். வாசலில் நின்று, மாமா, உன்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று கூப்பிட்டதும் இவர்தான். வெளியே வந்த மனிதனை அந்த இரண்டு பேரும் அங்கேயே வெட்டினார்கள். ஏதோ பழைய தகராறு.

“இவன் கூப்ட்ட கொரலுக்குத்தான் அந்தப் புள்ள வெளிய வந்துது” என்றார் அந்த அம்மா. “எம் பொண்ணு ரெண்டு வூடு தள்ளித்தான் கீறா. இன்னி வரிக்கும் இவன்கிட்ட ஒரு வார்த்த பேசல.” பிறகு மீனைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

அதைக் கேட்ட பிறகு அவரைப் பார்க்கும்போதெல்லாம் கையைத் துடைத்துக்கொண்டு எழுகிற ஓர் இருபது வயதுக்காரன் தெரிந்தான். ஆனால் அவர் அடிப்பதை நான் நியாயம் என்று நினைத்துவிடவில்லை. பில்காரனுக்கு நெற்றியில் இன்னும் ஒரு புடைப்பு இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஐந்து மணிக்கு மூன்று பேர் கூடத்துக்குள் வந்தார்கள். முன்னால் வந்தவன் கையில் ஹெல்மெட். தன் செல்போனை கவுன்டரில் வைத்து ஒரு குறுஞ்செய்தியைக் காட்டினான். உங்கள் ரிப்போர்ட் தயார் என்று எங்கள் கூடம் அனுப்பியது. அது அவன் தங்கையின் பெயருக்கு வந்திருந்தது. தங்கை வீட்டைவிட்டுப் போய் வேறு சாதிப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு ஐந்து மாதமாகிறதாம். போவதற்கு முன்பு எப்போதோ இங்கே ஒரு பரிசோதனைக்கு வீட்டு நம்பரைக் கொடுத்திருக்கிறாள். இப்போது கர்ப்பமாகி மறுபடி வந்தபோது பழைய நம்பரை யாரும் மாற்றவில்லை. செய்தி அண்ணனுக்குப் போய்விட்டது. அவனுக்கு இப்போது முகவரி வேண்டும். அம்மா அழுகிறாள், பார்த்துப் பேசிக் கூட்டிப்போக வந்திருக்கிறோம் என்றான்.

பில்காரன் எழுந்து மாடிப்படி அறைக்கு ஓடி வந்தான். நானும் அங்கேதான் இருந்தேன். சிஸ்டம்காரர் வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன். சிஸ்டம் வேலை செய்யவில்லை என்றார். நாளைக்கு வருகிறோம் என்றார்கள். நாளைக்கும் வேலை செய்யாது என்றார்.

ஹெல்மெட் அவர் நெற்றியில் இறங்கியது. இரண்டாவது அடி காதோரம். அவர் விழவில்லை. அண்ணன்காரனின் கழுத்தைப் பிடித்து கவுன்டர் கண்ணாடி மேல் அழுத்தினார். கண்ணாடி விரிந்து உடைந்தது. மற்ற இருவரும் அவர் முதுகில் ஏறினார்கள். ஒருவன் ரத்தக் குப்பிகள் அடுக்கிய தட்டைத் தூக்கி அவர் தலையில் அடித்தான். குப்பிகள் தரையெங்கும் சிதறின. காலையிலிருந்து வந்தவர்கள் கொடுத்த ரத்தம், யார் யாருடையதோ, தரையில் கலந்து ஓடியது. அதில் வழுக்கி நாலு பேரும் விழுந்தார்கள். விழுந்த இடத்திலேயே அடித்துக்கொண்டார்கள். அவர் ஒருவனின் சுண்டுவிரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினார். குச்சி ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. கண்ணை மறைத்து ரத்தம் வழிய, அவர் என் பக்கம் திரும்பினார்.

“யக்கா, அந்த ஸ்கிரீன மூடு.”

அப்போதுதான் பார்த்தேன். அறைக்கதவு திறந்திருந்தது. அவர் பாதியில் விட்டுவந்த நோயாளிகள் பட்டியல் திரையில் வெளிச்சமாக நின்றது. நான் ஓடிப்போய் மூடினேன். தெருவில் கூட்டம் சேர்ந்ததும் அந்த மூவரும் ஓடிவிட்டார்கள். அவருக்குப் புருவத்தில் ஆறு தையல். ஜுரமும் சேர்ந்துகொள்ள, ஒரு வாரம் வேலைக்கு வரவில்லை.

போலீசுக்குப் போகவேண்டாம் என்று தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. திங்கட்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். முப்பது வயதுக்காரர், எப்போதும் அவசரம். வாடிக்கையாளர்கள் கிளைக்குப் போய் நிற்பதால்தான் இதெல்லாம் நடக்கிறது, இனிமேல் எந்தக் கேள்வியானாலும் தலைமை அலுவலகத்திலிருந்து போனிலேயே பதில் சொல்லிவிடலாம், அதற்கு எல்லாத் தகவலும் இங்கே வேண்டும் என்றார். சிஸ்டம்காரர் திரும்பி வந்த பிறகு கேட்கலாம் என்றேன். மேனேஜர் சிரித்தார். “அந்த ஆள்கிட்ட அனுமதி கேட்டா மேடம் நாம நடத்தறோம்? உங்களால முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆள் பாத்துக்கறேன்.”

பத்து வருட இடைவெளிக்குப் பிறகு கிடைத்த வேலை அது. என்னால் முடியாது என்று என் வாயால் சொல்ல எனக்கு மனமில்லை.

அடையாறு கிளைக்கென்று தனியாக ஒரு பாஸ்வேர்டு இருந்தது எனக்குத் தெரியும். அவசரத்துக்கு வேண்டுமென்று அங்கிருந்த டாக்டர் வாங்கிவைத்தது. அதைப் போட்டால் எல்லாமே திறக்கும். செவ்வாய்க்கிழமை அங்கே போனேன். கவுன்டர் பெண்ணிடம் கேட்டேன். அவள் விசைப்பலகையைத் தூக்கிக் காட்டினாள். அடியில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டியிருந்தது. மடிக்கணினியை அங்கேயே திறந்து அதே ஐந்து இடங்களையும் நிரப்பினேன். யாரும் என்னைத் திரும்பி உட்காரச் சொல்லவில்லை. சோதி என்பதை அழுத்தினேன். பச்சையில் வெற்றி என்று வந்தது. பெயர், வயது, போன், முகவரி எல்லாம் வரிசை வரிசையாக இறங்கி வந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைத்துச் சொல்ல விரும்பவில்லை. வரும் வழியில் மயிலாப்பூரில் இறங்கி எனக்கே ஒரு புடவை எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மதியம் அந்த அண்ணன் தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தான். குறுஞ்செய்தியில் இருந்த பில் எண்ணைச் சொன்னான். தங்கைக்கு அடுத்த பரிசோதனைக்கு வீட்டுக்கே ஆள் அனுப்பவேண்டும், முகவரி சரியாக இருக்கிறதா பாருங்கள் என்றான். போன் எடுக்கிற பெண் புதிதாக வந்திருந்த திரையில் பார்த்து, கதவு எண்ணிலிருந்து மாடி வரை வாசித்தாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. அடையாறில் ஒரு சந்தில் முதல் மாடி. புருஷன் வேலைக்குப் போயிருந்தான். கதவைத் தட்டியதும் அந்தப் பெண் திறந்தாள். அண்ணன் அவளை முடியைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய்ச் சுவரில் மோதினான். கீழே விழுந்த பிறகு வயிற்றில் உதைத்தான். எத்தனை தடவை என்று அவளுக்கே தெரியவில்லை. கீழ்வீட்டுப் பெண்கள் இரும்புக் கம்பியோடு ஓடிவந்து அவனைப் பிடிக்கும்வரை உதைத்திருக்கிறான். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. சனிக்கிழமை தையலோடு அவர் வேலைக்கு வந்திருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து பரிசோதனைக்கு வந்த குப்பிகளில் ஒன்றில் அந்தப் பெயரைப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்து, டேட்டாபேஸின் பதிவை எடுத்துப் பார்த்திருக்கிறார். யார் எந்த நேரத்தில் எந்த இயந்திரத்திலிருந்து நுழைந்தார்கள், எந்த நோயாளியின் பக்கத்தைத் திறந்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த இணைப்புக்கு நான் என் பெயரையே வைத்திருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு தி. நகர் அலுவலகத்துக்கு வந்தார். என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். ஒரு தாளை முன்னால் வைத்தார். அதில் இரண்டு வரிகளுக்கு அடியில் பேனாவால் கோடு போட்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு நடந்ததை ஆறேழு வாக்கியத்தில் சொன்னார். அப்புறம் கேட்டார்.

“இத்தத் தொறந்தது நீயா யக்கா?”

“நான்தான்.”

எழுந்தார். ஒரே அறை. நான் நாற்காலியோடு சாய்ந்து தரையில் விழுந்தேன். காதுக்குள் கொதிக்கிற பால்போல ஒரு சத்தம். உதடு கிழிந்து வாயில் உப்புக் கரித்தது. அவர் மறுபடி கை ஓங்கவில்லை. அங்கேயே நின்றார். அதற்குள் அலுவலகத்தில் இருந்த நாலைந்து பேர் அவர்மேல் பாய்ந்துவிட்டார்கள். தையல் போட்ட இடத்திலேயே குத்தினார்கள். அவர் கையைத் தூக்கித் தடுக்கக்கூட இல்லை. இழுத்துக்கொண்டு போய் மாடிப்படியில் தள்ளினார்கள். அவர் உருண்டு போகிற சத்தம் கேட்டது. நிறுத்துங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். உதட்டைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன்.

போலீஸ் வந்து அவரைக் கொண்டுபோனது. மேனேஜர் புகாரைத் தட்டச்சு செய்து எடுத்துவந்தார். காரணம் ஏதுமின்றிப் பெண் ஊழியரைத் தாக்கினார் என்று இருந்தது. கையெழுத்துப் போட்டேன். போடும்போது அந்தக் ‘காரணம் ஏதுமின்றி’யைப் படித்துவிட்டுத்தான் போட்டேன். மேசைமேல் இருந்த தாளை மேனேஜர் கசக்கிக் குப்பைக்கூடையில் எறிந்தார். அவர் தன் அறைக்குப் போன பிறகு அதை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். எதற்கென்று அப்போது யோசிக்கவில்லை.

ஞாயிறு முழுக்க வீட்டில் கன்னத்துக்கு ஐஸ் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். என் கணவருக்கு அவரைக் கொல்லும் அளவுக்குக் கோபம். எனக்கும் கோபம்தான். என்மேல் கை வைக்க அவர் யார் என்று தோன்றும். அடுத்த நிமிடம் முதல் மாடியில் அந்தப் பெண் கதவைத் திறப்பது தெரியும். இரண்டும் மாறி மாறி வந்துகொண்டிருந்தன. இப்போதும் வருகின்றன.

திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போகாமல் போலீஸ் நிலையத்துக்குப் போனேன். அந்தக் கர்ப்பிணிப் பெண்ணை அண்ணன் அடித்த வழக்கை விசாரித்துக்கொண்டிருந்த அடையாறு போலீசுக்கு அங்கிருந்து அனுப்பினார்கள். அங்கே அண்ணன்காரன் வேறு கதை சொல்லியிருந்தான். வழியில் தற்செயலாகத் தங்கையைப் பார்த்தானாம், பின்னாலேயே போனானாம், பேச்சு முற்றியதாம், அவள் தடுமாறி விழுந்தாளாம். நான் கசங்கிய தாளை நீவி மேசையில் வைத்தேன். அவன் அவளை அடித்ததற்கு முந்தின நாள் மதியம் அவளுடைய பக்கம் திறக்கப்பட்ட நேரம் அதில் இருந்தது. அதே நேரத்தில் அவன் போனிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு அழைப்பு வந்திருக்கும், பாருங்கள் என்றேன். விசைப்பலகைக்கு அடியில் இருந்த சீட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் எழுதினேன். அவர் என்னை ஏன் அடித்தார் என்பதையும் எழுதினேன்.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, “உங்க மேலயே எழுதிக் குடுக்கறீங்கம்மா, புரியுதா?” என்றார்.

புரிகிறது என்றேன்.

என் வேலை அன்றைக்கே போனது. அண்ணன்காரனின் தற்செயல் கதை நிற்கவில்லை, ஜாமீன் கிடைக்கவில்லை. சிஸ்டம்காரர் பதினோரு நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தார். அவருக்கும் வேலை போய்விட்டது. திரும்பக் காசிமேட்டுப் பக்கம் எஞ்சின் வேலைக்குப் போகிறார் என்று அவர் அம்மா சொன்னார். மீன் கொடுத்தார், காசு வாங்கிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்த்தார்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது சாட்சி சொல்லப் போன நாளில், கோர்ட் வராந்தாவில். அந்தப் பெண்ணின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புருவத்தில் தழும்பு. நான் பேசியபோது தலையைச் சாய்த்து மற்றக் காதைக் காட்டினார். மாடிப்படியில் உருண்டதிலிருந்து ஒரு காது கேட்கவில்லையாம்.

“என்னை அடிச்சது தப்பு” என்றேன். பல நாளாகச் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தேன்.

“தப்புதான்” என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. நான் செய்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அந்தப் பெண் அதுவரை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். நான் யார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. திட்டுவாள், அழுவாள் என்று தயாராக நின்றேன்.

“அதுல என் பேரு இன்னும் இருக்கா?” என்று கேட்டாள்.

நான் போட்ட இணைப்பை யாரும் துண்டிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நான் போன பிறகு அது தன்பாட்டுக்கு இழுத்துக்கொண்டுதான் இருந்தது. இழுத்ததை இரண்டு, மூன்று இடங்களில் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள். எடுத்துவிடச் சொல்லி நான் இரண்டு தடவை எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. இல்லை என்று சொல்லிவிட நாக்கு வரை வந்தது.

“இருக்கு” என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். வராந்தாவில் வக்கீல்களும் கட்சிக்காரர்களுமாக ஆட்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். சிலர் அவளைப் பார்த்துக்கொண்டே போனார்கள். அவர் பெஞ்சிலிருந்து எழுந்தார். அவளுக்கும் அவர்களுக்கும் நடுவில் போய், முதுகை எங்கள் பக்கம் காட்டி நின்றுகொண்டார். எங்கள் வழக்கின் எண்ணைக் கூப்பிடும்வரை அப்படியே நின்றார்.